பலகையில் தமிழ் இருக்கிறது, சரி. எந்த வரியில்?

சில மாதங்களுக்கு ஒரு தடவை, மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றும். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவிப்புப் பலகை. டிங்கிக் காய்ச்சல், கை கழுவுவது, புகைபிடிக்கத் தடை, இப்படி ஏதாவது ஒன்று. மலாய் இருக்கும், ஆங்கிலம் இருக்கும், சில சமயம் சீனமும் இருக்கும். "தமிழ் எங்கே?" என்று ஒருவர் கேட்பார். உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சி, "நம்மை மதிக்கவில்லை, இதை விடக்கூடாது" என்னும். மறு கட்சி, "பல்கலைக்கழகம் வரைக்கும் போன பிள்ளைக்கு மலாய் படிக்கத் தெரியாதா, இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்னும். நடுவில் யாராவது, "சட்டப்படி தமிழ் போடவே கூடாதாம்" என்று ஒரு வதந்தியை வீசிவிட்டுப் போவார். அப்புறம் யாரோ ஒரு 'இனிய காலை வணக்கம்' படத்தைப் போட, பேச்சு அதோடு முடிந்துபோகும்.

இரண்டு கட்சியும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆளுக்கொரு உண்மையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். பலகை ஒன்றுதான், ஆனால் அது பார்க்கும் வேலை இரண்டு. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தச் சண்டையில் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதி சரியான இடத்துக்குப் போய்ச் சேரும்.

கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம்

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து ஒரு தலைமுறை ஆன குடும்பத்தின் பத்திரிகை எப்படி இருக்கும்? மேலே பிள்ளையார். 'திருமண அழைப்பிதழ்' தமிழில். தாத்தா பாட்டி பெயர்கள் தமிழில், காலமாகியிருந்தால் முன்னால் 'அமரர்'. புரட்டினால் அதே சமாச்சாரம் ஆங்கிலத்தில். மண்டபத்தின் முகவரி மட்டும் ஜாலான் (சாலை), தாமான் (குடியிருப்பு) என்று மலாயில், உரோமன் எழுத்தில். பக்கத்தில் வழி காட்ட ஒரு கியூஆர் கட்டம்.

மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்களுக்கு நேரமும் இடமும் தெரிய ஆங்கிலப் பக்கம் போதும். அத்தை மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவனும் அதே பக்கத்தைத்தான் பார்ப்பான். அப்படியென்றால் தமிழ்ப் பக்கம் எதற்கு? அதை எடுத்துவிட்டு அச்சடித்துக் கொடுத்துப் பாருங்கள், பெரியப்பா கல்யாணத்துக்கே வரமாட்டார். முகவரி வரியின் கதை வேறு. அதில் யாருடைய மானமும் இல்லை. கிராப் வாடகைக் கார் ஓட்டுபவர் வழி தவறாமல் வந்தால் சரி. அதைத் தமிழில் எழுதினால்தான் வம்பு.

ஆக, ஒரே அட்டையில் சில வரிகள் சேதி சொல்கின்றன, சில வரிகள் 'இது யார் வீட்டு விசேஷம்' என்று சொல்கின்றன. இரண்டுக்கும் ஒரே மொழி வேண்டும் என்று யாரும் அடம்பிடிப்பதில்லை. எந்த வரிக்கு எந்த மொழி என்பதை வீட்டுப் பெரியவர்களே அச்சகத்துக்காரரிடம் நின்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இதை ஆராய ஒரு துறையே உண்டு

1997-இல் லாண்ட்ரி, பூரிஸ் என்ற இரண்டு கனடிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கனடாவில் பிரெஞ்சு பேசும் பள்ளி மாணவர்களைப் பற்றியது. ஓர் ஊரில் தெருப் பெயர், கடைப் பலகை, விளம்பரத் தட்டி, அரசாங்க அறிவிப்பு என்று கண்ணில் படும் எழுத்தெல்லாம் சேர்ந்து அந்த ஊருக்குக் கொடுக்கும் மொழித் தோற்றத்தை அவர்கள் 'மொழி நிலக்காட்சி' என்று வரையறுத்தார்கள். அதற்கு இரண்டு பணிகள் உண்டு என்றார்கள். ஒன்று தகவல் பணி: இங்கே இந்த மொழியில் எழுதினால் படிப்பார்கள், இந்த மொழியில் பேசினால் காரியம் நடக்கும் என்று காட்டுவது. இன்னொன்று அடையாளப் பணி: இந்த மொழிக்காரர்களுக்கு இங்கே ஓர் இடம் உண்டு என்று காட்டுவது.

இரண்டாவதை 'வெறும் உணர்ச்சி' என்று தள்ளிவிடவும் முடியாது. சுற்றிலும் தன் மொழியை எவ்வளவு பார்க்கிறார்களோ, அதற்கும் தங்கள் மொழி இங்கே நிலைத்து நிற்கும் என்று அந்த மாணவர்கள் நினைப்பதற்கும் தொடர்பு இருந்ததாகத்தான் அவர்கள் கண்டார்கள். பெரியப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சுகாதாரப் பலகை என்று வந்துவிட்டால் தகவல் பணியில் குறை வைத்தால் ஆளுக்கே ஆபத்து. அடையாளப் பணியில் குறை வைத்தால் மனக்குறை. இரண்டையும் ஒரே தராசில் போட்டு ஒரே குரலில் கத்தினால், கேட்பவர் சுலபமானதைச் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். சுலபமானது எது என்று கொஞ்சம் கீழே வரும்.

ஒரு பலகை எப்படிப் பிறக்கிறது?

நாம் பெரும்பாலும், யாரோ அதிகாரிகள் ஒரு கூட்டம் போட்டு, 'தமிழைச் சேர்ப்பதா வேண்டாமா' என்று கையைத் தூக்கி முடிவெடுத்த மாதிரி பேசுகிறோம். நடப்பது அநேகமாக அப்படியில்லை. 1991-இல் ஸ்போல்ஸ்கி, கூப்பர் என்ற இருவர் ஜெருசலேம் நகரத்தின் பலகைகளை ஆராய்ந்துவிட்டு, பலகையின் மொழியைத் தீர்மானிப்பவை மூன்று விதிகள் என்று எழுதினார்கள். முதலாவது, உனக்குத் தெரிந்த மொழியில் எழுது. இரண்டாவது, படிக்கப்போகிறவருக்குத் தெரிந்த மொழியில் எழுது. மூன்றாவது, உன் சொந்த மொழியில், அல்லது எந்த மொழியோடு உன்னைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறாயோ அதில் எழுது.

முதல் விதி எல்லாப் பலகைக்கும் பொருந்தியே ஆக வேண்டும், தெரியாத மொழியில் எவரும் எழுத முடியாது அல்லவா. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் வளாகத்துப் பலகைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விதியிலேயே தீர்ந்துபோகும் என்பது என் எண்ணம். ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் 'உள்ளே சாப்பிடாதீர்கள், கையுறை போடுங்கள்' என்று ஒரு ஏ4 தாளில் தட்டச்சு செய்து, லேமினேட் பண்ணி, இரட்டைப் பக்க டேப்பால் கதவில் ஒட்டுகிறார். அவருக்கு மலாய் தெரியும், கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். தாளிலும் அந்த இரண்டுதான் இருக்கும். அவர் யாரையும் ஒதுக்கவில்லை. யாரையும் நினைக்கவும் இல்லை.

ஆய்வாளர்கள் பலகைகளை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். அமைச்சு, நகராண்மைக் கழகம், பல்கலைக்கழக நிர்வாகம் போன்ற அதிகார இடங்களிலிருந்து வருவது 'மேலிருந்து வரும் பலகை'. கடைக்காரரோ, தனி ஆளோ, ஒரு சங்கமோ தானாக வைப்பது 'கீழிருந்து எழும் பலகை'. ஆய்வுக்கூடக் கதவின் ஏ4 தாள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: இருப்பது அரசாங்கச் சுவரில், எழுதியது ஒரு தனி மனிதர். ஏதாவது குறை சொல்லப் போகும் முன் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பது நல்லது. அமைச்சின் சுவரொட்டிக்கு ஒரு பிரிவு இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது, மொழிபெயர்க்க ஆள் தேட முடியும். ஏ4 தாளுக்கு அந்த உதவியாளர் மட்டும்தான், அவரிடம் நேராகப் போய் "நான் தமிழில் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டால் மறுநாளே ஒட்டிவிடுவார்.

கோவிட் காலத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, ஆகஸ்டு 1-இல் கூட்டமான பொது இடங்களில் சுவாசக் கவசம் கட்டாயமானது, நடுவில் எத்தனையோ விதிகள் வந்தன, மாறின, மறுபடி வந்தன. ஒரு பலகையை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் விதியே மாறிவிடும். அவசரம் என்று வந்தால் முதல் விதிதான் ஜெயிக்கும். எழுதுபவர் கைவசம் இருக்கும் மொழிதான் சுவரில் ஏறும்.

சுருக்கமாகச் சொன்னால், பலகையில் ஒரு மொழி இல்லாமல் போவதற்குக் காரணம் வெறுப்பாகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம், அந்த அறையில் அந்த மொழி தெரிந்த ஆள் இல்லாததாகவும் இருக்கலாம். கடைசிக் காரணம்தான் அதிகம். சரிசெய்ய லேசானதும் அதுதான்.

சட்டம் தடுக்கிறதா?

தடுக்கவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு மலாய்தான் தேசிய மொழி என்கிறது. அதே பிரிவு, அதிகாரப்பூர்வ காரியங்கள் தவிர மற்றவற்றில் வேறு மொழியைப் பயன்படுத்துவதையோ, எந்த மொழியையும் கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்க முடியாது என்றும் சொல்கிறது. 'அப்படியானால் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் கூடாதுதானே?' என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. 1963/67 தேசிய மொழிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பொது நன்மைக்குத் தேவை என்று கருதினால் மத்திய அரசும் மாநில அரசும் தங்கள் அறிவிப்புகளின் மொழிபெயர்ப்பை இந்நாட்டின் பிற சமூகங்களின் மொழிகளில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. நோய்த் தடுப்பைவிடப் பெரிய பொது நன்மை என்ன இருக்கிறது? கடைப் பெயர்ப் பலகைகளுக்கு ஊராட்சி மன்றங்களின் துணை விதிகள் உண்டு. அவையும் மலாய் இருக்க வேண்டும், முன்னால் தெரிய வேண்டும் என்று கேட்கின்றனவே ஒழிய, கூடவே இன்னொரு மொழி இருப்பதைக் குற்றமாக்குவதில்லை.

அரசாங்கத்துக்கு நான்கு மொழியில் எழுதத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ராணுவ முகாம் வேலியில் சிவப்புப் பலகை பார்த்திருப்பீர்கள், துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், எதிரே கையைத் தூக்கிக்கொண்டு ஒருவர். அதில் தமிழும் உண்டு, சீனமும் உண்டு. சுடுவதாக இருந்தால் நமக்குப் புரியும்படி சொல்லிவிட்டுத்தான் சுடுவார்கள்! மின்சார வாரியத் துணை நிலையங்களின் கதவிலும் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் 'அபாயம்' இருக்கும்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது தோட்டத்து ஸ்டோர். களைக்கொல்லிப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள், விஷத்தின் கடுமையைக் காட்டும் நிறப் பட்டையோடு எச்சரிக்கை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று அடுத்தடுத்து வரும். ஆனால் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் ரசாயனப் போத்தலில் பார்த்தால் மலாயும் ஆங்கிலமும்தான். அபாயகர ரசாயனங்களின் வேலையிட முத்திரைகள் பற்றிய 2013-ஆம் ஆண்டு விதிமுறைகள் கேட்பதே அந்த இரண்டைத்தான். ஏன் இந்த வித்தியாசம்? ஒன்றில் விஷம் அதிகம், மற்றதில் குறைவு என்பதால் இல்லை. மருந்து அடிப்பவர் யார், ஆய்வுக்கூடத்தில் நிற்பவர் யார் என்று விதி எழுதியவர்கள் மனதில் ஒரு முகம் இருந்தது. ஸ்போல்ஸ்கியின் இரண்டாம் விதி அது. தோட்டத்தில் தமிழர் நிற்பார் என்று எதிர்பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் படித்தவர்தான் நிற்பார் என்று எதிர்பார்த்தார்கள். அந்த ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்க வருகிறவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

எந்த வரி எந்த மொழியில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மெக்டில்ட் ரே என்ற ஆய்வாளர் உகாண்டாவின் லிரா என்ற ஊரின் பலகைகளைப் பார்த்து 2004-இல் எழுதினார். பல மொழிப் பலகையில் எத்தனை மொழி என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு மொழி மட்டும் தெரிந்த ஆள் வந்து நின்றால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவர் கேட்டார். அதை வைத்து நான்கு வகை பிரித்தார்.

எல்லாச் சேதியும் எல்லா மொழியிலும் இருந்தால் அது முழுப் பிரதி. முழுச் சேதி ஒரு மொழியில் இருக்க, அதிலிருந்து பொறுக்கிய சில துண்டுகள் மட்டும் மற்ற மொழியில் இருந்தால் அது துண்டுப் பெயர்ப்பு. சில சேதி இரண்டு மொழியிலும் பொதுவாக இருந்து, ஒவ்வொரு மொழியிலும் தனியாகவும் கொஞ்சம் இருந்தால் அது ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வகை. ஒரு மொழியில் இருப்பது மற்றதில் அறவே இல்லை, இரண்டும் தெரிந்தால்தான் முழுக்கதை புரியும் என்றால் அது நிரப்பு வகை. நம் பத்திரிகையின் முகவரி வரி இந்தக் கடைசி வகை.

ஒரு வளாகத்தின் தங்கும் விடுதி வாசலில் பார்த்த டிங்கிப் பலகையைச் சொல்கிறேன். ஆள் உயரம். மேலே பட்டையாக, பெரிய எழுத்தில், நான்கு மொழியிலும் 'டிங்கியை ஒழிப்போம்'. தமிழும் அழகாக, பிழையில்லாமல் இருந்தது. பக்கத்தில் கொசுவின் படம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், முழுக்க மலாயில், பத்துப் பதினைந்து வரி: புகையடிக்கும்போது சாப்பாட்டை மூடி வையுங்கள், பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், தொடர்ந்து வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், அசதி என்றால் உடனே கிளினிக் போங்கள், காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் சாப்பிடாதீர்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் அதன் முன்னால் வந்து நின்றால் அவருக்குக் கிடைப்பது ஒரு கோஷம், ஒரு கொசு.

துண்டுப் பெயர்ப்பின் சரியான உதாரணம். அடையாளப் பணி முழுதாக முடிந்தது, படம் எடுத்துப் போட்டால் 'தமிழும் இருக்கிறது' என்று எல்லோரும் கை தட்டுவோம். தகவல் பணி பூஜ்யம். சுலபமானதைச் செய்து கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

டிங்கியில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் இறங்கியதும் 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று நினைப்பார்கள். உண்மையில் அநேகமாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடம்பு படுத்துவிடக்கூடிய கட்டம் வருகிறது. அந்தப் பலகையில் ஒரே ஒரு வரிக்குத்தான் தமிழில் இடம் தருவோம் என்று என்னிடம் கேட்டால், கோஷத்தை எடுத்துவிட்டு 'காய்ச்சல் விட்ட பிறகும் வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்ற வரியைப் போடச் சொல்வேன். கோஷம் இல்லையென்றால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

படம் போட்டால் போதாதா?

'மொழியே வேண்டாம், படம் போடு' என்று சொல்பவர்கள் உண்டு. பாதி சரி. பாதுகாப்புக் குறிகளுக்கு உலகப் பொதுத் தரம் இருக்கிறது. சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோடு என்றால் செய்யாதே. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய். மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. பச்சை என்றால் வெளியேறும் வழி, முதலுதவி போன்ற பாதுகாப்பான இடம். சிவப்பு வட்டம் எல்லோருக்கும் தெரியும், சிகரெட் படத்தோடு எல்லாச் சாப்பாட்டுக் கடையிலும் தொங்குகிறது. நீல வட்டத்தின் அர்த்தத்தைத் தெருவில் போகும் எவரிடமாவது கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலானோர் அழகுக்கு என்பார்கள்.

படத்தைப் பார்த்த உடனே புரிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு எதிரான நல்ல உதாரணம், ஆய்வுக்கூடக் கதவிலும் கிளினிக்கின் மஞ்சள் குப்பைப் பையிலும் இருக்கும் அந்த மூன்று கொம்புக் குறி, உயிரியல் அபாயக் குறி. 1966-இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் அதை வரைந்தார்கள். அதை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே பார்த்தவுடன் மனதில் ஒட்டக்கூடிய, ஆனால் எந்த அர்த்தமும் இல்லாத ஒரு வடிவத்தைத் தேடினார்கள். ஏற்கெனவே அர்த்தம் இல்லாவிட்டால்தான் புது அர்த்தத்தைச் சொல்லிக் கொடுக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே அந்தக் குறி படிக்காதவருக்கும் புரியும் குறி என்று நினைத்தால் தப்பு. பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவருக்கு அது அபாயம், உட்காராதவருக்கு அது ஏதோ ஒரு பூ.

சரி, வளாகத்தில் பலகையைப் படிப்பவர் யார்?

மாணவர்களைப் பொறுத்தவரை மறு கட்சி சொல்வது சரி. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் கைக்கு வரவே மலாயில் தேர்ச்சி வேண்டும். கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளில் மலாய்ப் பலகையைப் படிக்கத் தெரியாதவர் இருக்க முடியாது. சொல்லப்போனால் தேசியப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களில் பலருக்குத் தமிழ்ப் பலகைதான் கஷ்டம். விடுதி லிப்டில் தமிழ்ச் சுவரொட்டி கேட்பது நியாயமான கோரிக்கை, ஆனால் அது அடையாளக் கோரிக்கை. அதை அப்படியே வெளிப்படையாகக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. 'தமிழ் இல்லாததால் மாணவர்கள் நோயில் விழுவார்கள்' என்று சேர்த்துச் சொன்னால்தான் நம் பேச்சுக்கே மரியாதை போய்விடும்.

ஆனால் வளாகம் என்றால் மாணவர் மட்டுமா? சுவர் ஓரமாக நிற்பவர்களை எண்ணுங்கள். வாசலில் நேபாளத்துக் காவலாளி. கட்டட வேலையில் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர். வெளிநாட்டு மாணவர்கள். துப்புரவுக் குத்தகையில் வரும் நம் அக்காமார்கள். பதிவு நாளன்றும் பட்டமளிப்பு நாளன்றும் வரும் தாத்தா பாட்டிகள். இதைவிட முக்கியமாக, பல்கலைக்கழக மருத்துவமனைகள். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் கிளந்தானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊர் மக்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டு, ரப்பர் பால் வெட்டப் போன ஒரு பாட்டிக்கு மலாய் நன்றாகப் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், தமிழென்றால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடகடவென்று படிப்பார். இந்தப் பலகைகளின் நிஜமான தமிழ் வாசகர் அவர்தான்.

எங்கள் தாமானில் ஒரு அக்கா, ஈப்போ பக்கம் ஒரு வளாகத்தில் கழிப்பறை கழுவும் வேலை. அவர்கள் சாமான் அறையில் இரண்டு போத்தல் எப்போதும் இருக்கும், ஒன்று குளோராக்ஸ் மாதிரி வெளுப்பான், இன்னொன்று கறை போக்கும் அமிலம். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத சின்னக் கழிப்பறையில் மூச்சுத் திணறி விழ வேண்டியதுதான். 'கலக்காதே' என்ற எச்சரிக்கை போத்தலின் முதுகில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு வரியில் இருக்கிறது. "அதையெல்லாம் படிப்பீங்களாக்கா?" என்று கேட்டேன். "மூடி கலரைப் பார்த்துத்தான் தம்பி எடுப்பேன். அந்தப் பொடி எழுத்தை யாரு உட்கார்ந்து படிக்கிறது?" என்றார். அந்த அறைக் கதவின் உள்பக்கம், அவர் கண் மட்டத்தில், இரண்டு போத்தலின் படமும் நடுவில் ஒரு சிவப்புக் கோடும், கீழே தமிழிலும் நேபாளியிலும் வங்காளத்திலும் ஒரு வரியும் இருந்தால் போதும். அதைக் கேட்டு எந்த வாட்ஸ்அப் குழுவிலும் படம் சுற்றி நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்த அறைக்குள் போன் தூக்கிக்கொண்டு யாரும் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாய்மொழியாகத் தமிழ் தெரிந்து, எழுத்து எந்த மொழியிலும் சரியாக வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எத்தனை மொழியில் எழுதினாலும் பலகை பலகைதான். அங்கே ஒலிபெருக்கியோ, ஒரு தாதியின் இரண்டு நிமிடப் பேச்சோ செய்யும் வேலையைப் பலகையிடம் கேட்கக்கூடாது.

கேட்டு வாங்கிய பிறகு ஒரு சின்ன ஆபத்து

போராடித் தமிழைச் சேர்த்து, அச்சாகி வந்து பார்த்தால் எழுத்து உடைந்து கிடக்கும். 'ெ', 'ே', 'ை' மூன்றும் முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய் நிற்கும், 'கொ' என்பதில் கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று எட்டிப் பார்க்கும். மொழிபெயர்த்தவரைத் திட்டுவார்கள். அவர் மேல் தப்பில்லை.

கணினியில் இன்று எல்லா மொழிக்கும் பொதுவாக இருக்கும் எழுத்துக் குறியீட்டு முறை யூனிகோட். அதில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு 'ெ' என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அதை இடம் மாற்றிக் கோத்துக் கொடுப்பது மென்பொருளின் வேலை. அச்சக வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அந்த அமைப்பு போடப்படாமல் இருந்தால், சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் மொழிபெயர்ப்பை வாட்ஸ்அப்பில் வெறும் எழுத்தாகத் தட்டி அனுப்பாதீர்கள். எழுத்துகளைப் படமாகவே மாற்றிய பிடிஎப் கோப்பாக அனுப்புங்கள். லேமினேட் செய்வதற்கு முன்னால் ஒரு மாதிரிப் பிரதியைக் கேட்டு வாங்கி, கொம்புகள் முன்னால் நிற்கின்றனவா, மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி இருக்கிறதா, வரி உடையும் இடத்தில் சொல் பாதியில் முறிகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். 'மருந்து கலக்காதீர்கள்' என்பது 'மருந்து கலக்' என்று ஒரு வரியிலும் 'காதீர்கள்' என்று அடுத்த வரியிலும் வந்தால், அச்சகத்துக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள்.